ஆலைப் பயணத்தை நிறுத்தியவர்களுக்கு

நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் அறிவிப்பு வந்தது. ஆண்டு விழாத் தேதி, கட்டணம் கட்டாதவர்களுக்கு நினைவூட்டல், அதற்குக் கீழே மூன்று வரி. சேர்ஹோல் மில் என்ற பழைய நீராலைக்குப் போகும் சுற்றுலா இந்த ஆண்டு முதல் கிடையாது. அதற்கும் தமிழ்க் கல்விக்கும் தொடர்பில்லை. அந்தச் சனிக்கிழமை பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி நடக்கும். குழுவில் யாரும் பதில் போட முடியாதபடி பூட்டியும் வைத்திருக்கிறீர்கள். மின்னஞ்சல் அனுப்பினேன். குழுவின் முடிவு இறுதியானது என்று ஒற்றை வரி வந்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். நான்கு ஆண்டுகளாக மூன்றாம் நிலை வகுப்பு எடுக்கிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் படிக்கிறார்கள். கடந்த இரண்டு முறையும் அந்தப் பேருந்தின் முன் இருக்கையில் வாந்திப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு போனவள் நான்தான். தொடர்பில்லை என்று எழுதியவர்கள் யாரும் அந்தப் பேருந்தில் ஏறியதில்லை. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஒருமுறை வந்திருந்தால் அந்த வரியை எழுதக் கை வந்திருக்காது என்று நம்புகிறேன், அவ்வளவுதான்.

வராதவர்களுக்காக அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பர்மிங்காமில் ஹால் கிரீன் பகுதியில், கோல் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த ஆலை. 1542 முதலே அந்த இடத்தில் ஓர் ஆலை இருந்திருக்கிறது. இப்போது நிற்கும் செங்கல் கட்டடம் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1750களில் மாத்யூ போல்ட்டன் அதைக் குத்தகைக்கு எடுத்து உலோக வேலைக்குப் பயன்படுத்தினார். பின்னாளில் ஜேம்ஸ் வாட்டோடு கூட்டுச் சேர்ந்து நீராவி இயந்திரம் விற்றாரே, அதே போல்ட்டன்தான். கோதுமை அரைத்த தண்ணீரே கத்திகளுக்குச் சாணை பிடிக்கவும் உதவியது. அப்புறம் தண்ணீர் போதாத காலத்துக்கென்று நீராவி இயந்திரமும் வந்தது. அதன் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. 1919இல் வியாபார அரைவை நின்று, கட்டடம் பாழடைந்து, ஊர்க்காரர்கள் போராடி மீட்டு, 1969இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதை எழுதிய டோல்கீன் நான்கு வயதிலிருந்து எட்டு வயதுவரை, 1896 முதல் 1900 வரை, அதற்குப் பக்கத்தில்தான் வளர்ந்தார். ஆலைக்காரரின் மகன் அவரையும் தம்பியையும் விரட்டுவானாம். மாவுத்தூள் படிந்த வெள்ளை முகத்தைப் பார்த்து இவர்கள் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்களாம். நம் பிள்ளைகளில் பெரியவர்கள் அதற்காகவே வருகிறார்கள். வரட்டும், வந்தால் சரி.

ஒரு காலத்தில் இந்த ஊரின் சிற்றாறுகளில் எல்லாம் நீராலைகள் இருந்தன. இன்று ஓடும் நிலையில் இருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று சட்டன் கோல்ட்ஃபீல்டு பக்கம் வால்ம்லியில் உள்ள நியூ ஹால் மில். மற்றொன்று இது.

ஓடும் நிலை என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் எல்லாம் இருக்கிறது. பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வரிசையாக நிறுத்திப் பலகையைப் படிக்கச் சொல்லும் அருங்காட்சியகங்களுக்கு நானும் போயிருக்கிறேன். பத்து நிமிடத்தில் கழிவறை எங்கே என்று கேட்பார்கள். இங்கே அப்படி நடக்காது. அரைவை நாளில் போனால் முதலில் குளத்தைக் காட்டுவார்கள். ஆற்றிலும் ஓடையிலும் வருகிற தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் குளம். பிறகு உள்ளே கூட்டிப்போய்ச் சுவர் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். வெளியே மதகைத் தூக்குவார்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு தண்ணீர் விழும் சத்தம். அதற்கும் பிறகு, காலுக்குக் கீழே பலகைத் தளம் மெல்ல அதிரும். போன முறை அந்த நொடியில் எங்கள் வகுப்பின் மகா வாயாடி ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "டீச்சர், கட்டடம் உயிரோட இருக்கு" என்றான். தமிழில் சொன்னான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வெளியே தண்ணீர்ச் சக்கரம் சாவகாசமாகத்தான் சுற்றுகிறது. உள்ளே பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முடுக்கி முடுக்கி, மேல் தளத்தில் கல் சுற்றும்போது வேகம் பல மடங்காகிவிடுகிறது. இத்தகைய ஆலைகளில் இரும்புச் சக்கரத்தோடு சேரும் சக்கரத்துக்கு மரப்பல் வைப்பது வழக்கம். இரும்போடு இரும்பு உரசினால் இரைச்சல், அதோடு பொறி பறக்கும் ஆபத்து. மாவுத்தூள் மிதக்கும் அறையில் ஒரு பொறி போதும். ஏதாவது சிக்கிக்கொண்டாலும் மரப்பல்தான் முதலில் உடையும். ஒரு பல்லை மாற்றிவிடலாம், முழுச் சக்கரத்தை மாற்ற முடியுமா? இதை ஆங்கிலத்தில் அங்கிருந்தவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அச்சு, ஆரம், பல், விசை. பாடநூலில் ஆரம் என்ற சொல்லைக் கணக்குப் பாடத்துக்கு வெளியே அவர்கள் கேட்டதே இல்லை.

கல்லுக்கு மேலே மரத்தில் ஒரு கூம்புப் பெட்டி. நம்மூர் மாவு மில்லில் தூக்குவாளியைக் கவிழ்ப்போமே, அந்த வாயேதான். அதன் அடியில் சரிவாக ஒரு மரத்தட்டு. கல்லோடு சேர்ந்து சுற்றும் நாற்பட்டை இரும்புத் தண்டு அந்தத் தட்டைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. டக டக டக டக. ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கோதுமை கல்லின் நடுத்துளைக்குள் விழுகிறது. கல் வேகமாகச் சுற்றினால் தட்டும் வேகமாகும், தானியமும் அதிகம் விழும். மெதுவானால் குறையும். மின்சாரமும் கணினியும் இல்லாமல் தன்னைத் தானே அளந்து போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. அந்தத் தண்டுக்கு ஆங்கிலத்தில் 'டாம்சல்' என்று பெயராம், அதாவது குமரிப்பெண். ஓயாமல் சளசளக்கிறதாம். பெயர் வைத்தவர்கள் யார் என்று கேட்கவே வேண்டாம்.

அதன் முன்னால் நின்றுகொண்டுதான் என் மகள் கேட்டாள், "அம்மா, இதுக்குத் தமிழ்ல என்ன?"

ஒன்பது வயதில், அவளாகவே கேட்ட முதல் தமிழ்ச் சொல் அது. வீட்டில் நான்தான் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஃபிரிட்ஜில் ஒட்டி வைப்பேன், சொல்லட்டை காட்டுவேன். அவள் கேட்டதில்லை. எனக்கு அந்தத் தண்டுக்குத் தமிழ் தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் கேள்வி கிளம்பிவிட்டது. அப்புறம் அது என் கையில் இல்லை.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எங்களோடு ஓர் அம்மம்மா வந்திருந்தார். பேரனுக்காக வந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் கோட்டுப் பையில் கைவிட்டபடி நின்றவர் கல்லைப் பார்த்ததும் முன்னால் வந்தார். "இது எங்கட திரிகை எல்லோ" என்றார். எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் அதைத் திருவை என்போம். என் ஆச்சி வீட்டுப் பின்கட்டில் கிடந்தது. பக்கத்தில் நின்ற கோயம்புத்தூர்க்காரர், திருகை என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது என்றார். திரிகை, திருவை, திருகை. எது சரி என்று பிள்ளைகள் கேட்டார்கள். மூன்றும் சரி என்றோம். ஒரே கல்லுக்கு எப்படி மூன்று பெயர் என்று ஆரம்பித்தார்கள். திருகுவதால் திருகை, திரிப்பதால் திரிகை என்று கோயம்புத்தூர்க்காரர் விளக்கம் சொல்ல, அம்மம்மா அதை ஏற்கவில்லை. இருவரும் அந்த இரைச்சலுக்கு நடுவே கொஞ்ச நேரம் வாதாடினார்கள். ஆலையைக் காட்ட வந்த வெள்ளைக்காரப் பெரியவர் என்ன சண்டை என்று கேட்டார்.

அம்மம்மா பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, இல்லாத திரிகையைச் சுற்றிக் காட்டினார். வலக்கை பிடியைச் சுற்ற, இடக்கை ஒரு பிடி உளுந்தை அள்ளித் திரிகையின் வாயில் போடும். இரண்டும் நிற்கக் கூடாது. அந்த இடக்கையைக் காட்டித்தான் நான் என் மகளுக்குச் சொன்னேன். மேலே டக டக என்று தட்டுகிறதே, அந்த வேலையை நம் வீட்டில் ஆச்சியின் இடக்கை செய்தது. சுற்றும் வேலையை வலக்கை செய்தது. வெளியே தண்ணீர் செய்வதை எல்லாம் ஆச்சி செய்தாள். 1086இல் இங்கிலாந்தில் எடுத்த கணக்கிலேயே ஏறக்குறைய 6,000 ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. இவர்கள் மாவு அரைக்கும் சுமையைத் தண்ணீரிடம் இறக்கி வைத்து அத்தனை காலமாகிறது. என் ஆச்சி 1970களிலும் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இதில் தமிழ் இல்லை என்கிறீர்கள்.

நம் மொழியில் இந்த ஒரு காரியத்துக்கு எத்தனை வினை இருக்கிறது என்று அன்றுதான் எனக்கே உறைத்தது. திரும்பி வரும் பேருந்தில் பெரியவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்ல, பிள்ளைகள் உணவுப்பொதி அட்டையின் பின்புறம் எழுதினார்கள். உளுந்தை உடைக்கிறோம். கோதுமையைத் திரிக்கிறோம். இட்லிக்கு ஆட்டுகிறோம். சட்னிக்கு அரைக்கிறோம். மிளகாயை இடிக்கிறோம். நெல்லைக் குத்துகிறோம். மிளகை நுணுக்குகிறோம். இஞ்சியை நசுக்குகிறோம், தட்டுகிறோம். பிறகு புடைக்கிறோம், கொழிக்கிறோம், சலிக்கிறோம். வந்து விழுவதிலும் உமி, தவிடு, குருணை, நொய், ரவை, மாவு. உங்கள் மூன்றாம் நிலைப் பாடத்திட்டத்தில் இதில் 'அரை' ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் பாதி என்ற பொருளில்.

ஆலையில் ஒரு கல்லைத் தூக்கிப் புரட்டி வைத்திருந்தார்கள். மையத்திலிருந்து விளிம்புவரை கத்தியால் கீறியதுபோல் வரிவரியாகப் பள்ளம். அந்த வரிகள் தேய்ந்துவிட்டால் கல் அரைக்காது, மாவைச் சூடாக்கும். அதனால் அவ்வப்போது கல்லைப் பிரித்து, எஃகு உளியால் கொத்த வேண்டும். முன்பு இதற்கென்றே ஊர் ஊராகப் போகும் ஆட்கள் இருந்தார்களாம். கொத்தும்போது தெறிக்கும் எஃகுத் துணுக்கு அவர்கள் கைத்தோலுக்குள் ஏறி நீலப் புள்ளிகளாகத் தங்கிவிடும். புதிதாக வேலை கேட்டு வருபவனிடம் ஆலைக்காரர் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பாராம். புள்ளி இருந்தால் அனுபவசாலி.

இதைக் கேட்டதும் கூட வந்த பெற்றோரில் ஒருவர், "அம்மி கொத்தலையோ அம்மி" என்று தெருக்குரலை அப்படியே எடுத்துவிட்டார். அத்தனை பெரியவர்களும் சிரித்தோம். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரியவைத்தோம். அம்மி, ஆட்டுக்கல் கொத்த வருபவரின் பை, சிற்றுளி, முகத்தில் தெறிக்கும் கல்தூள், கொத்தி முடித்ததும் முதலில் தவிடோ அரிசியோ போட்டு அரைத்துக் கொட்டுவது. மாவு மில்லில் கல் கொத்திய அன்று போனால் மாவில் மண் கடிக்கும் என்று அம்மா திருப்பி அனுப்புவாள். அந்த அறையில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவருக்கும் இது தெரிந்திருந்தது. கொத்திய பிறகு முதலில் அரைப்பதைத் தாங்களும் விற்பதில்லை என்றார். ஒருவர் கையை ஒருவர் குலுக்காத குறை.

மதகு, மடை, வாய்க்கால், கலிங்கு. நான்காம் நிலை நூலில் நீர்மேலாண்மைப் பாடத்தில் இவை வருகின்றன. போன ஆண்டு தேர்வில் மதகு என்பதற்கு ஒரு பிள்ளை பெண் தெய்வம் என்று எழுதியிருந்தது. அந்தக் குளத்தங்கரையில் நின்ற பிள்ளை அப்படி எழுதாது. பலகையைத் தூக்கினால் தண்ணீர் பாய்வதைப் பார்த்துவிட்டது. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று காட்டி, இது கலிங்கு என்றேன். முடிந்தது பாடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் ஊர்ப் பெருமை, பொறுத்துக்கொள்ளுங்கள். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பொதிகை மலையடிவாரத்தில் பஞ்சாலை கட்டியது எதை நம்பி? பாபநாசத்தில் விழும் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி. எங்கள் பக்கத்தில் ஏராளமான குடும்பங்கள் சோறு தின்றது அந்த ஆலையால். கோல் ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றியதும் தாமிரபரணித் தண்ணீர் நூல் நூற்கும் கதிரைச் சுற்றியதும் ஒரே வித்தை. பேருந்தில் இதைச் சொன்னபோது, தாத்தா மில்லில் வேலை பார்த்தவர் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருந்த ஒரு பெண் எழுந்து நின்றேவிட்டாள்.

சரி, மதிப்பெண் வேண்டும் என்பீர்கள். அதையும் சொல்கிறேன். பயணத்துக்கு இரண்டு வாரம் கழித்து வகுப்பில் நான் சென்ற இடம் என்று கட்டுரை எழுதச் சொன்னேன். வழக்கமாக என்ன வரும் என்று எல்லா ஆசிரியருக்கும் தெரியும். 'நான் என் பெற்றோருடன் மகிழுந்தில் சென்றேன். அங்கே இயற்கைக் காட்சிகள் கண்ணுக்கு விருந்தாக இருந்தன.' அம்மா எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்தது. கட்டடம் உயிரோடு இருக்கிறது என்றானே, அந்த வாயாடிப் பையன், எழுத்தில் பரம சோம்பேறி. அவன் அரைப் பக்கம் எழுதியிருந்தான். றகரம் ரகரம் எல்லாம் தாறுமாறு. நடுவில் இரண்டு வரி: 'கல் கல்லைத் தொடாது. தொட்டால் தீ வரும்.' பெட்டியில் கோதுமை தீர்ந்துவிட்டால் கற்கள் உரசிப் பொறி பறக்கும், அதனால் தானியம் குறைந்ததும் தானாக அடிக்கும்படி மணி கட்டி வைப்பார்கள் என்று அங்கே கேட்டதை அவன் அப்படி எழுதியிருந்தான். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. கேட்டால் காட்டுகிறேன்.

பேச்சுப் போட்டிப் பயிற்சியில் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும், நடத்தியவளே நான்தான். யாரோ பெரியவர் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கத்தை ஆங்கில எழுத்தில் பெயர்த்து வைத்துக்கொண்டு, பொருள் தெரியாமல் கை நீட்டி முழங்கும் பிள்ளைக்கு எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்போம். போட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு ஆறு சனிக்கிழமை ஏற்கெனவே இருக்கிறது. ஏழாவதற்கு இந்த ஒன்றைப் பிடுங்க வேண்டாம் என்கிறேன்.

பாதுகாப்புக் காரணத்தை அறிவிப்பில் நீங்கள் எழுதவில்லை. ஆனால் குழுவில் ஒருவர் என்னிடம் நேரில் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது. படிகள் செங்குத்தானவை. உத்தரங்கள் தாழ்வானவை, போன முறை நானே நெற்றியில் இடித்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் புடைப்போடு போனேன். சக்கர நாற்காலியில் வரும் நம் பிள்ளை மேல் தளத்துக்கு ஏற முடியவில்லை. அவளைக் கீழேயே விட்டுவிட்டு நாங்கள் மேலே போனது தவறு, என் தவறும்கூட. கீழ்த்தளத்தில் மாவு வந்து விழும் இடத்தில் அவளுக்கென்று ஒரு வேலை வைத்திருக்கலாம். ஆலைக்காரர்கள் விழும் மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்துப் பார்த்துத்தான் கல்லின் இடைவெளியைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். முழு ஆலையிலும் முக்கியமான வேலையே அதுதான், அது கீழேதான் நடக்கிறது. இவை எல்லாம் சரிசெய்யக் கூடியவை. பத்துப் பதினைந்து பேராகப் பிரித்து அனுப்பாமல் மொத்தமாக உள்ளே தள்ளியது நம் குறை. அதற்குப் பயணத்தையே வெட்டுவது எப்படிச் சரியாகும்?

செலவைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். நீங்களே அச்சிட்டுக் கொடுத்த கணக்கறிக்கையில், பேருந்துக்கும் நுழைவுக்கும் ஆனது ஆண்டு விழா மேடை விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆனதில் பாதிகூட இல்லை.

அப்புறம், இப்போது நாம் போகாமல் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் பர்மிங்காம் மாநகராட்சி கையில் காசில்லை என்று 114ஆம் பிரிவு அறிவிப்புக் கொடுத்தது உங்களுக்கும் தெரியும். அதன்பின் இந்த ஊரில் கலைக்கும் பண்பாட்டுக்கும் தரும் பணத்தில் எவ்வளவு வெட்டு விழுந்தது என்பதும் தெரியும். இப்படிப்பட்ட இடங்கள் வருகிறவர்களாலும், சம்பளம் வாங்காமல் மதகு தூக்க வருகிற ஓய்வுபெற்றவர்களாலும்தான் ஓடுகின்றன. மரச்சக்கரம் காய்ந்துபோனால் வெடிக்கும். பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கு உற்சாகம். எங்களை அனுப்பிவைத்த அந்தப் பெரியவர், அடுத்த ஆண்டு அந்தக் கல்லைக் கொண்டு வாருங்கள், பார்க்கிறேன் என்றார். எந்தக் கல் என்கிறீர்களா? ஊருக்குப் போனபோது ஆச்சியின் திருவையைப் பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவந்துவிட்டேன். மேல்கல் மட்டும்தான் வந்தது. எடை அதிகம் என்று விமான நிலையத்தில் அடிக்கல்லை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். மறு ஆண்டு தம்பி கொண்டுவந்து சேர்த்தான். இரண்டும் இப்போது எங்கள் கராஜில், சைக்கிளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

நான் கேட்பது இவைதான்.

அறிவிப்பின் அந்த மூன்று வரியைத் திரும்பப் பெறுங்கள். முடிவை மாற்ற மனமில்லை என்றால்கூட, தமிழ்க் கல்வியோடு தொடர்பில்லை என்ற சொற்றொடரையாவது நீக்குங்கள். அதை எங்கள் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள்.

ஜூன் மாதத்துக்குள் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். அரைவை நடக்கும் நாளா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டு தேதி வையுங்கள். சக்கரம் நிற்கிற நாளில் போவதில் பயனில்லை. குளத்தில் தண்ணீர் குறைவாக இருந்தால் ஓட்ட மாட்டார்கள் என்பதால் மாற்றுத் தேதி ஒன்றும் வேண்டும்.

எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ அம்மம்மாவோ இருக்கட்டும். அவர்களுக்கு நுழைவுச் சீட்டைப் பள்ளி எடுக்கட்டும். சக்கர நாற்காலிப் பிள்ளைக்குக் கீழ்த்தளத்தில் மாவு பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். அவள் பெற்றோரிடம் முதலில் நீங்கள் பேசுங்கள், போன முறைக்கு மன்னிப்பும் கேளுங்கள். நானும் கூட வருகிறேன்.

சொற்பட்டியலை நான் தயார் செய்கிறேன், உங்களுக்குச் செலவில்லை. ஊர் ஊராகச் சொல் மாறும் என்பதால் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே இடம் விட்டு அச்சிட வேண்டும். வீட்டில் கேட்டுப் பிள்ளைகள் நிரப்பட்டும்.

கடைசியாக, மே மாதப் பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசுபொருளாகச் சேருங்கள். வாட்ஸ்அப் குழுவைத் திறந்துவிடுங்கள். பதிலை எனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோருக்குமாக, காரணத்தோடு, எழுத்தில் தாருங்கள். திருவையின் மேல்கல் கொத்த வேண்டியிருக்கிறது. தேதி தெரிந்தால் அந்தப் பெரியவரிடம் சொல்லி வைப்பேன்.

இப்படிக்கு,
மூன்றாம் நிலை ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய்